பேனரை மட்டும் மறந்திராதிய

வாத்தியாரய்யாவுக்குக் குளத்தங்கரைக் கிழவன் வணக்கம். நான் சொல்லச் சொல்ல எம் பேத்தி எழுதுதா. அவளும் காலேசுல படிக்கவதான். இதுல இங்கிலீசு எங்கயாவது தலைகாட்டினா அது அவ கைவேலை. குசும்பு தட்டுப்பட்டா அது எங்க அய்யா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து.

இந்த வருசமும் களப்பயிற்சிக்குப் பிள்ளையளக் கூட்டிட்டு வாறதாப் பஞ்சாயத்துக்கு லெட்டர் போட்டிருக்கிய. ரொம்ப சந்தோசம். காலையில பத்தரைக்கு வருகை, ரெண்டரைக்கு நிறைவு விழான்னு போட்டிருக்கு. நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். பேனர் கட்ட அரை மணி, அதுக்கு முன்னால நின்னு போட்டோ பிடிக்க அரை மணி. மிச்சம் ரெண்டு மணி நேரத்தைக் குளத்துக்குன்னு ஒதுக்கியிருக்கிய. அதுவாவது குடுத்தியளே, மகராசனா இருங்க.

பேனரை மட்டும் மறந்திராதிய. போன வருசத்துப் பேனரு எங்க மாட்டுத் தொழுவத்து மேல கிடந்து மழை தாங்குது. 'சுற்றுச்சூழல் காப்போம்'ங்கிற எழுத்து இன்னும் அழியல. பிளக்ஸ்னா பிளக்ஸ்தான். இந்த வருசத்து அளவு கொஞ்சம் பெருசா இருந்தா ஆட்டுக் கிடைக்கும் ஆகும்.

எம் பேத்தி அவ பாடத்தோட வரலாறை வாசிச்சுக் காட்டினா. எம்.சி. மேத்தாங்கிற வக்கீல் போட்ட கேசுல 1991-ல சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டுதாம், எல்லாப் பிள்ளையும் சுற்றுச்சூழல் படிக்கணும்னு. பொறவு யு.ஜி.சி. உக்காந்து பாடம் வகுத்துது. முதல்ல வகுத்த அந்தப் பாடத்துல மொத்தம் 50 வகுப்பு. அதுல களப்பணிக்கு 5 வகுப்பு நேரம். மார்க்கு மட்டும் நூத்துக்கு 25. மணிக்கு அஞ்சு மார்க்கு விழுத வேலை உலகத்துல வேற எங்கயாவது இருக்கா? அந்த அஞ்சு மணி நேரத்துல ஆறு, காடு, மலைன்னு ஒண்ணைப் பாக்கணும், கெட்டுப்போன இடம் ஒண்ணைப் பாக்கணும், செடி, பூச்சி, பறவை பாக்கணும், குளம் குட்டையும் பாக்கணும். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டு வந்ததுக்குக் கூட இதைவிட நேரம் ஆகியிருக்கும்.

உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆயுசுல பாதியை இந்தக் குளத்து மடையிலேயே கழிச்ச நீர்பாய்ச்சி நான். சீக்கிரமா ஆராய்ச்சி முடிக்க எனக்குத் தெரிஞ்ச யோசனை சொல்லுதேன், குறிச்சுக்கிடுங்க.

முதல்ல தண்ணி. அதை மத்தியானம் பன்னெண்டுக்கே சோதிச்சிருங்க. அப்பத்தான் குளம் நல்லாப் பொய் சொல்லும். போன தடவை பச்சைப் பசேல்னு பாசி ஓடின தண்ணியில ஒரு பையன் மிசினை முக்கினான். கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு ஒம்பது மில்லிகிராம்னு காட்டிச்சு. "தாத்தா, உங்க குளம் சூப்பர்"னான். மீன் பிழைக்க நாலு, ஆளு குளிக்க அஞ்சு இருந்தாப் போதும்னு சர்க்கார் கணக்கு வச்சிருக்காம். இங்க ஒம்பதுல்லா! நான் ஒண்ணும் சொல்லல. தூரந்தொலைவுல இருந்து வந்த பிள்ளை, சந்தோசமாப் போகட்டும்.

அன்னைக்கு விடியதுக்கு முந்தி அதே துறையில நான் நிக்கேன். கெண்டை எல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து மூடுது. கரையோரமா நாலஞ்சு மல்லாந்து கிடக்கு. பகல்ல பாசி வெயிலைக் குடிச்சு ஆக்சிஜனை விடும். பொழுது சாஞ்சா விடாது. ராத்திரி பூரா அந்தப் பாசியும், மீனும், அடிச் சகதியில அழுகுத குப்பையும் சேந்து இருக்கிற ஆக்சிஜனைத் தீத்துப்பிடும். விடியப்போற நேரம்தான் ஆகக் குறைச்சல். விரால் மேல வந்து வெளிக்காத்தைக் குடிக்கும், தப்பிச்சுக்கிடும். கெண்டைக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

இன்னொண்ணும் பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். முப்பது டிகிரிச் சூட்டுல தண்ணி காத்துல இருந்து எடுத்துப் பிடிச்சுக்கிடுத ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தானாம். (சனிக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.) அதுக்கும் மேல ஒம்பது காட்டிச்சுன்னா பாசி மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். அந்தப் பையன் எதைப் பாத்துச் சூப்பர்னானோ, அதுதான் குளம் கெட்டதுக்குச் சாட்சி. விடியக்காலம், உச்சி, அந்தி, நடுச்சாமம்னு நாலு நேரம் அளந்திருந்தா அவனே கண்டுபிடிச்சிருப்பான். ஒரு நேரம் அளந்தா அது குளத்துக் கணக்கு இல்ல, உங்க பஸ்ஸு வந்த நேரத்துக் கணக்கு.

மிசின் இல்லாத கூட்டம் குப்பியில பிடிச்சாவ. ஹங்கேரிக்காரர் விங்க்ளர் 1888-ல சொல்லிவச்ச முறையாம். நல்ல முறை. குப்பியைத் தண்ணிக்குள்ளயே முக்கி நிரப்பணும், ஒரு குமிழி உள்ள இருக்கக் கூடாது, மூடியைச் சாய்ச்சு மூடணும், நின்ன இடத்துலயே ரெண்டு மருந்தும் விடணும். ஆக்சிஜன் இருந்தா பழுப்பாப் படியும், இல்லன்னா வெள்ளையா நிக்கும். ஒரு பொம்பளப் பிள்ளை என்ன செஞ்சுது? வாளியில மொண்டு, நெஞ்சு உயரத்துல இருந்து குப்பிக்குள்ள கொடகொடன்னு ஊத்திச்சு. "நீயே காத்தை உள்ள விட்டுட்டு, காத்து எவ்வளவு இருக்குன்னு நீயே கேக்கியே தாயி"ன்னேன். சிரிச்சுது. மருந்து எங்கன்னு கேட்டேன். லேபுல இருக்காம். குப்பி பஸ்ஸுல குலுங்கி, வெயில்ல வெந்து, வழியில டீ குடிச்சு, லேபுக்குப் போய்ச் சேருத வரைக்கும் உள்ள இருக்கிற பாசியும் பூச்சியும் மூச்சு விடாமக் காத்துக்கிட்டு இருக்குமா?

அந்த மருந்துக் குப்பி ரெண்டைப் பேனரோட சேத்துக் கட்டிட்டு வாங்க. விடியக்காலத்துத் தண்ணி ஒரு குப்பி, உச்சிவேளைத் தண்ணி ஒரு குப்பி, மருந்து விட்டுப் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணு வெளிறிக் கிடக்கும், ஒண்ணு நல்ல பழுப்பா நிக்கும். அதைப் பாத்த பிள்ளைக்குப் பொறவு நீங்க லெச்சர் குடுக்க வேண்டியதில்ல.

உச்சி வெயிலும் ஒண்ணுக்கு உதவும், இல்லங்கல. கறுப்பும் வெள்ளையுமாப் பெயிண்ட் அடிச்ச தட்டு ஒண்ணு கொண்டு வந்தியளே, அதுக்கு. 1865-ல செக்கின்னு ஒரு இத்தாலிப் பாதிரியார், நட்சத்திரம் பாக்கிறவரு, போப்பாண்டவர் கப்பல்ல இருந்து கடல்ல தட்டை இறக்கித் தெளிவு பாத்தாராம். இறக்கும்போது மறையுத ஆழம் ஒண்ணு, ஏத்தும்போது திரும்பத் தெரியுத ஆழம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுலதான் கணக்கு. நிழல் விழுத பக்கமா நின்னு பாக்கணும், வெறுங்கண்ணால பாக்கணும். உங்க பையன் கூலிங்கிளாஸைக் கழட்டாமப் பாத்து முக்கா அடின்னு எழுதினான். கழட்டுலேன்னேன். ஒண்ணே கால் அடி ஆயிப்போச்சு. ஒரு நிமிசத்துல எங்க குளத்தைச் சுத்தம் பண்ணின புண்ணியம் எனக்கு.

அடுத்தது செடி கொடி. பத்து மீட்டர் சதுரமாக் கயிறு கட்டி மரம் எண்ணணும், ஒரு மீட்டர்ச் சட்டம் போட்டுப் புல்லு எண்ணணும். அது வரைக்கும் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிய. பிள்ளைய கண்ணை மூடிக்கிட்டு, முதுகுக்குப் பின்னால சட்டத்தை எறிஞ்சாவ. பாக்க ரொம்ப நேர்மையா இருந்துது. ஆனா கண்ணை மூடுததுக்கு முந்தி எங்க போய் நின்னாவ? முள்ளு இல்லாத, சகதி இல்லாத, புளியமரத்து நிழலு விழுத இடத்துல. எங்க குளத்துக்கரை பூரா சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு, ஆடு கூட நுழைய முடியாது. உங்க நோட்டுல அருகம்புல்லும் கோரையும் மட்டும் பதிவாயிருக்கு.

எங்க ஊர்ல அண்ணன் தம்பி நிலம் பிரிச்சா, கூறு போட்டு, சீட்டு எழுதிக் குலுக்கி, வெவரம் தெரியாத சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவோம். நல்ல வயலாப் பாத்து எவனும் கால் வச்சிரக் கூடாதுல்லா? அதையே நீங்களும் செய்யுங்க. காலேசுலயே குளத்துப் படத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, நம்பர் போட்டு, சீட்டு எடுத்துட்டு வாங்க. சீட்டுல விழுந்த கட்டத்துல முள்ளு இருந்தா அங்கதான் போகணும். போகவே வழி இல்லன்னா, 'போக முடியல, ஏன்னா இது'ன்னு எழுதணும். முள்ளு கீறின கையோட வாற பிள்ளைக்கு ரெண்டு மார்க்கு கூடப் போடுங்க. உங்க கைக்காசா போகுது?

பறவை விசயத்துக்கு வாறேன். கூந்தங்குளம் எங்க ஊருக்குத் தூரமில்ல. 1994-ல இருந்து சரணாலயம், இப்ப உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் ஏறியாச்சு. பறவை மிரளக் கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போடாத சனம் அங்க உள்ள சனம். கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். மங்கோலியாவுல இருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருது. அது நேரத்துக்கு வந்திருது. டவுன்ல இருந்து வாற உங்க பஸ்ஸுதான் வந்தபாடில்ல. பத்தரைக்கு வந்து நின்னா இரை தேடப் போன பறவை எல்லாம் வயக்காட்டுல நிக்கும், நீங்க குளத்தைப் பாத்துக்கிட்டு நிப்பிய.

ரெண்டு கூட்டமாப் பிரிச்சு எண்ணச் சொன்னிய, அது நல்ல வேலை. ஒரு கூட்டம் இருநூத்துச் சொச்சம்னுச்சு, ஒண்ணு முன்னூத்து நாப்பதுன்னுச்சு. நீங்க என்ன செஞ்சிய? "ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுங்க"ன்னிய. ஏன் வித்தியாசம்னு கேக்கவே இல்லியே! கிழக்கே பாத்து நின்ன கூட்டத்துக்குக் கண்ணுல வெயிலு. மேற்கே பாத்து நின்ன கூட்டம் எண்ணிக்கிட்டு இருக்கையில பருந்து ஒண்ணு தாழப் பறந்துது. நாரைக்கூட்டம் எழும்பி ஒரு சுத்துச் சுத்தி அடுத்த திட்டுல உக்காந்துது, அதைத் திரும்பவும் முதல்ல இருந்து எண்ணிச் சேத்துக்கிட்டாவ. வெயிலுக்கு ஒரு தப்பு, பருந்துக்கு ஒரு தப்பு. ரெண்டு தப்பைக் கூட்டிப் பாதியாக்கினா பாதித் தப்புன்னா நினைக்கிய?

தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல 2011-ல இருந்து வருசா வருசம் தை மாசத்தையொட்டி நீர்ப்பறவை எண்ணுதாவ. மாணவப் பிள்ளைய, வாத்தியார்மாரு, ஊர்க்காரங்கன்னு தன்னார்வத்துல வந்து எண்ணுதவங்க. அதே குளம், அதே பருவம், வருசம் தவறாம. அந்த மாதிரிக் கணக்கை எடுத்து வச்சுப் பாத்தாத்தான் இந்த வருசம் குறைஞ்சுதா கூடிச்சான்னு பேச வாய் வரும். ஒண்ணுமே இல்லாத குளத்துக்குப் போனாலும் சைபர்னு எழுதிட்டு வரணும். உங்க பிள்ளைய சைபர் எழுத வெக்கப்படுதாவ. மார்க்கு பழக்கம் போலுக்கு.

மண்ணு எடுக்கதுல உங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. வரப்போரம், மரத்தடி, உரக்குப்பை எல்லாம் விலக்கி, பல இடத்துல மம்பட்டியால அரையடி ஆழத்துக்குக் கொத்தி, சரிவுல வழிச்சு, கலந்து, நாலாப் பகுத்து ரெண்டைத் தள்ளி, அரைக்கிலோ வாற வரைக்கும் குறைச்சாவ. விவசாயி வீட்டுப் பிள்ளை ஒண்ணு அந்தக் கூட்டத்துல இருந்துது, அது செஞ்ச வேலை. ஆனா பையில ஊரு இல்ல, தேதி இல்ல. 'சாம்பிள் 3'. அடுத்த கூட்டத்துப் பையிலயும் 'சாம்பிள் 3'. பஸ்ஸுல ஏத்தையில பாத்தேன், சாம்பிள் மூணு மட்டும் ஒரு சாக்கு இருந்துது.

இனி என்னைப் பேட்டி எடுத்த கதை. ஒரு பிள்ளை பேப்பரை வச்சுக்கிட்டு மரியாதையாக் கேட்டுது: "ஐயா, தங்கள் பகுதியின் நீர்வள மேலாண்மை குறித்த தங்களது திருப்தி நிலையை ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பிடவும்." மூணுன்னேன். ஒண்ணுன்னா ஏன்னு கேக்கும், அஞ்சுன்னாப் பக்கத்துல நிக்கிற பஞ்சாயத்துத் தலைவரு அடுத்த தேர்தலுக்கு நோட்டீசுல போட்டிருவாரு. மூணுக்கு எந்த வில்லங்கமும் கிடையாது. அந்த அஞ்சுபடி ஏணியை லிக்கர்ட்டுங்கிற அமெரிக்காக்காரரு 1932-ல செஞ்சு வச்சதாம். அவரு எங்க ஊருத் தலைவரைப் பாத்ததில்லல்லா?

அடுத்த கேள்வி: "குளத்தில் குப்பை கொட்டுவது தவறு என்று கருதுகிறீர்களா?" ஊரே ஆமான்னுச்சு. கோழிக்கழிவைச் சாக்குல கட்டி ராத்திரி குளத்துல இறக்குத கடைக்காரன், எல்லாருக்கும் முந்தி ஆமான்னான். நூத்துக்கு நூறு விழிப்புணர்வுன்னு நீங்க வட்டப்படம் போட்டிருப்பிய, முழு நிலா மாதிரி இருந்திருக்கும். "நேத்து உங்க வீட்டுக் குப்பை எங்க போச்சு?"ன்னு ஒரு கேள்வி போதும். முழிப்பான். சுத்திச் சுத்திப் பேசுவான். அப்ப எழுதிக்கிடுங்க. பொய் சொல்லுததுக்கு நாங்க கொஞ்சமாவது பாடுபடுத மாதிரிக் கேள்வி கேளுங்க அய்யா, நீங்களே பதிலை வாயில ஊட்டிவிட்டா எப்படி?

குளம் எந்த வருசம் தூர்வாரினதுன்னு கேட்டிய. நான் என்ன டைரியா வச்சிருக்கேன்? 92 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியான்னு கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்பேன். 2023 மார்கழி பிறக்கையில பெஞ்சுதே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டரு, அந்த மழைக்கு எந்தக் கரை உடைஞ்சுதுன்னு கேட்டிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேன். எங்க ஞாபகம் வெள்ளத்துலயும் கல்யாணத்துலயும் சாவுலயும் முடிச்சுப் போட்டுக் கிடக்கு, காலண்டர்ல இல்ல.

யாருட்ட கேட்டியங்கதும் இருக்கு. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கிற ஆம்பளைட்ட விறகு எவ்வளவு தூரத்துல கிடைக்குன்னு கேட்டா, அடுப்புக்குப் பக்கத்துலயே கிடைக்குன்னுதான் சொல்லுவான். பிள்ளைய கையில இருக்கிற பேப்பரைப் பிடுங்கிட்டு, கோலப்பொடியை எங்க வீட்டு ஆச்சிட்ட குடுத்துத் தெருவுல ஊரைப் போடச் சொன்னேன். அவ போட்ட ஊர்ல குளம் கையகலம்தான். தண்ணி பிடிக்கிற குழாயும், விறகு பொறக்குத காடும், வேற இடமில்லாம ராத்திரி பொம்பளைய ஒதுங்குத மேட்டுத் திடலும்தான் பெருசு. உங்க பிள்ளைய அதைப் போட்டோ பிடிச்சாவ. அதுல ஒரு பிள்ளை மட்டும் கீழ உக்காந்து, "ஏன் ஆச்சி இது இவ்வளவு பெருசு?"ன்னு கேட்டுது. அதுக்கு நீங்க எத்தனை மார்க்கு போட்டியளோ, எனக்குத் தெரியாது. நான் வாத்தியாரா இருந்தா 25-ஐயும் அதுக்கே குடுத்திருப்பேன்.

கிழவன் வாய்க்கு வந்தபடி பேசுதான்னு நினைக்காதிய. ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒரு இங்கிலீசுக்காரரு, நம்ம வட ஆற்காட்டுக் கிராமங்கள்லயும் ஆராய்ச்சி பண்ணினவரு, 1983-ல புத்தகமே எழுதியிருக்காரு. வெளியில இருந்து வாறவன் தார் ரோட்டோரம் உள்ளதைத்தான் பாப்பான், ஆம்பளைட்டயும் வசதியானவன்ட்டயும்தான் பேசுவான், வண்டி போக வழி நல்லாயிருக்கிற பருவத்துலதான் வருவான்னு வரிசையாக் குட்டு வச்சிருக்காரு. பேத்தி வாசிக்கையில உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதினாரோன்னு எனக்குச் சந்தேகம்.

நீங்க வாறது எப்பவும் தை, மாசி. குளம் நிறைஞ்சு, பறவை வந்து, அல்லி பூத்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால பொண்ணு நிக்கிற மாதிரி நிக்கும். ஐப்பசியில மடை திறக்கச் சண்டை நடக்கையில உங்களுக்குப் பரீட்சை. வைகாசியில சேறு வெடிச்சு, மீன் செத்து நாறி, ஆடு மாடு குட்டையில கலக்கின தண்ணிக்கு அடிச்சுக்கிடையில உங்களுக்கு லீவு. ஒரே குளத்தைத் தையில பாத்த பிள்ளை வைகாசியிலயும் வந்து பாக்கட்டும். வேற ஊருக்குப் போக வேண்டாம், வேற குளமும் வேண்டாம். போன தடவை சீட்டுல விழுந்த அதே கட்டத்துல போய் நின்னு, அதே தட்டை இறக்கட்டும். தட்டு இறங்கத் தண்ணி இல்லன்னா அதையும் எழுதட்டும்.

இந்தத் தடவை முதல் நாள் சாயங்காலமே வந்திருங்க. பள்ளிக்கூடத்துல படுத்துக்கிடலாம். கொசு உண்டு, காசு கிடையாது. விடியக்காலம் நாலரைக்கு நானே வந்து தட்டி எழுப்புதேன். பிள்ளைய எந்திரிச்சிரும், உங்களை எழுப்புததுதான் பாடு. மருந்துக் குப்பியும் பைக்கு எழுதுத பேனாவும் மறக்காம எடுத்துக்கிடுங்க.

பொறவு ஒரு விண்ணப்பம். போன வருசம் எங்க குளத்தைப் பத்திப் பிள்ளைய எழுதின அறிக்கை இது வரைக்கும் எங்க கண்ணுல படல. அதுல ஒரு காப்பி பஞ்சாயத்துக்கு அனுப்பிவைங்க, தமிழ்ல. தப்பு இருந்தா நாங்க திருத்தி அனுப்புதோம்.